சரியும் அரசில் பதவிகளைப் பின்தொடர்வது எப்படி: கிழக்கு ஜெர்மனி, 1989–90

பெர்லின் சுவர் திறந்த இரவில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் யார் என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் எரிக் ஹோனெக்கர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பதவி இழந்து அதற்குள் மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எகான் கிரென்ஸ் என்று எழுதுபவர் சரியான விடையைத்தான் தருகிறார். ஆனால் அன்றிரவு கிரென்ஸின் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்ற அடுத்த கேள்விக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள், கல்லூரியில் உலக வரலாறு படிக்கிறவர்கள், இந்தப் பொருளில் ஒரு மணி நேரம் பேசவேண்டிய நிலையில் இருக்கிறவர்கள் ஆகியோர் ஒரு கம்யூனிஸ்ட் அரசு சரியும்போது நிகழும் தலைமை மாற்றங்களை எவ்வாறு ஒழுங்காகக் குறித்துப் படிக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாறு நாடுகளை ஒரே மூச்சில் படிப்பவருக்குப் பெயர்கள் மட்டுமே மனத்தில் தங்கும்.

முதலில் ஒரு பெரிய சார்ட் பேப்பரை எடுத்துக் குறுக்குவாட்டில் நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். கட்சியின் பொதுச் செயலாளர், அமைச்சரவைத் தலைவர், நாட்டின் தலைவர், நாடாளுமன்றத் தலைவர் என்று அவற்றுக்குத் தலைப்பிடுங்கள். கிழக்கு ஜெர்மனியில் ஆண்ட கட்சி சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சி. அமைச்சரவைத் தலைவர்தான் பிரதமர். நாட்டின் தலைவர் என்று தனி ஒருவர் கிடையாது. அரசு மன்றம் என்னும் குழுவின் தலைவரே அப்பொறுப்பை வகித்தார். நாடாளுமன்றத்துக்கு மக்கள் சபை என்று பெயர். இடப்பக்கம் தேதியை எழுதுங்கள். ஆளை எழுதுவதற்கு முன் பதவியை எழுதும் பழக்கம் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் நாளிதழ்கள் இந்த நால்வரையும் பொதுவாகத் தலைவர் என்றே குறிப்பிட்டுவிடுவதால், எந்தத் தலைவர் என்று ஒவ்வொரு முறையும் நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த நான்கும் சமமான பதவிகள் அல்ல. முக்கூடல் பக்கம் பீடித் தொழிலாளர் சங்கம் ஒன்றின் சுவரொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கௌரவத் தலைவரின் படம் பெரிதாக மேலே இருக்கும், ஆனால் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் கையெழுத்திடும் பேனா செயலாளரின் சட்டைப் பையில்தான் இருக்கும். கிழக்கு ஜெர்மனியிலும் பேனா பொதுச் செயலாளரிடமே இருந்தது. இதற்கு அரசியல் சாசனத்திலேயே ஆதாரம் உண்டு. முதல் பிரிவு தொழிலாளி வர்க்கத்துக்கும் அதன் மார்க்சிய–லெனினியக் கட்சிக்கும் நாட்டை வழிநடத்தும் பங்கை அளித்திருந்தது. மக்கள் சபையின் 500 இடங்களில் சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சியின் நேரடிப் பங்கு 127 மட்டுமே. மீதி இடங்கள் அதனுடன் அணிசேர்ந்த சிறு கட்சிகளுக்கும் தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு போன்ற வெகுஜன அமைப்புகளுக்கும் உரியவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சிறுபான்மை. ஆனாலும் எல்லா முடிவும் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவில் எடுக்கப்பட்டே அங்கு வந்தது.

சார்ட்டை 1989இல் தொடங்காதீர்கள். முதல் வரியாக 1971 மே 3ஐ எழுதுங்கள். அன்று வால்டர் உல்பிரிக்ட் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். முதுமையும் உடல்நலமும் காரணம் என்று சொல்லப்பட்டது. மாஸ்கோவில் சோவியத் தலைவர் பிரெஷ்னெவின் ஒப்புதலைப் பெற்று அவரை வெளியேற்றியவர் அவராலேயே வளர்க்கப்பட்ட ஹோனெக்கர். உல்பிரிக்ட் 1973 ஆகஸ்டில் இறக்கும்வரை அரசு மன்றத் தலைவராக நீடித்தார். மூன்றாம் பத்தியில் அவர் பெயர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருக்கும், அதிகாரம் முதல் பத்தியிலிருந்து ஹோனெக்கருக்குப் போய்விட்டிருக்கும். அந்த மூன்றாம் பத்திப் பதவியை ஹோனெக்கர் 1976இல்தான் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு மாற்றத்தை நன்றாகப் படித்தவருக்கு அமைதிக் காலத்தில் அத்தகைய அரசில் தலைமை எப்படி மாறும் என்பது தெரிந்துவிடும்: வாரிசு உள்ளிருந்தே வருவார், மாஸ்கோ தலையசைக்கும், உடல்நலம் காரணமாகக் காட்டப்படும், வாக்கெடுப்பு ஒருமனதாக முடியும். சரிவுக் காலத்தில் இவற்றுள் எது முதலில் உடைகிறது என்று பார்ப்பதே நம் வேலை.

இனி 1989க்கு வருவோம். இந்த ஆண்டுக்கு மாதவாரியாக இடம் விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள்வாரியாகவே விடவேண்டும். மே 2 அன்று ஹங்கேரி ஆஸ்திரிய எல்லையின் மின்வேலியை அகற்றத் தொடங்கியது. மே 7 அன்று கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆதரவு வாக்கு 98.85 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. வாக்குச் சாவடிகளில் எதிர்ப்பாளர்கள் நின்று எண்ணிப் பார்த்ததால் அந்தக் கணக்குப் பொய் என்பது வெளிப்பட்டுவிட்டது. அந்தத் தேர்தல் ஆணையத்தின் தலைவர் கிரென்ஸ். இந்தக் குறிப்பைச் சார்ட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். அக்டோபரில் அவர் பதவியேற்கும்போது தெருவில் இருந்தவர்கள் அவரை ஏன் நம்பவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஜூனில் பெய்ஜிங்கில் மாணவர்கள் ஒடுக்கப்பட்டதை அவர் ஆதரித்துப் பேசியதும் அதே ஓரத்தில் இடம்பெற வேண்டும்.

அடுத்ததாக, பதவி மாறாமலேயே தலைமை இல்லாமற்போன ஒரு காலத்தைக் குறிக்கவேண்டும்; பெரும்பாலான கால அட்டவணைகள் விட்டுவிடுவது இதைத்தான். ஜூலை தொடக்கத்தில் புகாரெஸ்டில் நடந்த வார்சா ஒப்பந்த நாடுகளின் மாநாட்டில் ஹோனெக்கருக்குப் பித்தப்பை வலி வந்தது. ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. செப்டம்பர் இறுதிவரை அவர் வேலைக்குத் திரும்பவில்லை. தமக்குப் பதிலாகப் பொருளாதாரச் செயலாளர் குந்தர் மிட்டாக்கை அவர் அமர்த்தினார். இரண்டாம் இடத்தில் இருந்த கிரென்ஸை அமர்த்தவில்லை. சரியாக அந்த இடைவெளியில்தான், செப்டம்பர் 10–11 நள்ளிரவில், ஹங்கேரி தன் எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். கிழக்கு பெர்லினில் முடிவெடுக்கும் ஆள் இல்லை. சார்ட்டில் இக்காலத்தைப் பென்சிலால் நிழலிட்டுக் காட்டலாம். அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் குவிந்த அமைப்பில் அவருடைய பித்தப்பையே அரசாங்கத்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பது என் கருத்து; இதை மறுப்பவர்கள் உண்டு, மறுக்கட்டும்.

அக்டோபர் 17ஐ அரைப் பக்கமாவது எழுதுங்கள். அதற்கு முன், 7ஆம் தேதி குடியரசின் நாற்பதாம் ஆண்டு விழா நடந்தது, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வந்திருந்தார். 9ஆம் தேதி லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் சென்றார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. பதவி நீக்கத்துக்கான ஏற்பாடு அதன் பின்னரே வேகம் பிடித்தது. தொழிற்சங்கத் தலைவர் ஹாரி டிஷ் 16ஆம் தேதி மாஸ்கோ சென்று கோர்பச்சேவிடம் செய்தியைச் சொன்னார். மறுநாள் பொலிட்பீரோ கூடியதும் ஹோனெக்கரை நீக்கவேண்டும் என்று முன்மொழிந்தவர் எழுபத்தைந்து வயதுப் பிரதமர் வில்லி ஸ்டோஃப். இருவரும் பல்லாண்டுகள் உடனிருந்தவர்கள். ஒவ்வொருவராக எல்லோரும் பேசினார்கள், மிட்டாக் உட்பட எவரும் அவருக்காக வாதாடவில்லை. இறுதியில் ஹோனெக்கரே தம் நீக்கத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தினார். 18ஆம் தேதி மத்தியக் குழு கூடியபோது உடல்நலக் காரணம் என்று அறிவிக்கப்பட்டது. கிரென்ஸ் பொதுச் செயலாளரானார். மிட்டாக்கும் பத்திரிகைத் துறையைக் கவனித்த யோவாகிம் ஹெர்மானும் அன்றே வெளியேற்றப்பட்டார்கள்.

1971 வரிக்கும் இந்த வரிக்கும் உள்ள ஒற்றுமையை இப்போது பாருங்கள். வாரிசு, மாஸ்கோ, உடல்நலம், ஒருமனது ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றன. பொலிட்பீரோ அறைக்குள் எதுவும் மாறவில்லை. மாற்றம் வெளியே, ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அக்டோபர் 24 அன்று மக்கள் சபை கிரென்ஸை அரசு மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது 26 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், 26 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள். 500 பேர் சபையில் இது சிறிய எண். ஏறக்குறைய எப்போதும் ஒருமனதாகவே வாக்களித்துவந்த சபை என்பதால் இது பெரிய செய்தி. எனவே ஒவ்வொரு தேர்வுக்கும் எதிர்ப்பு வாக்கு எத்தனை என்று கேட்டு, கிடைத்தால் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

நவம்பரில் வரிகள் நெருக்கமாகின்றன. 7ஆம் தேதி ஸ்டோஃப் அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. 8ஆம் தேதி பொலிட்பீரோ விலகிப் புதிதாக அமைக்கப்பட்டது. 9ஆம் தேதி மாலை பொலிட்பீரோ உறுப்பினர் குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்தில் புதிய பயண விதியைப் படித்து, அது எப்போது நடைமுறைக்கு வருகிறது என்ற கேள்விக்கு உடனடியாக என்று சொல்லிவிட, நள்ளிரவுக்குள் எல்லைக் காவலர்கள் வாயிலைத் திறந்தார்கள். உங்கள் நான்கு பத்திகளையும் அந்தத் தேதியில் குறுக்காகப் படியுங்கள். கட்சி: இருபது நாள் பழைய பொதுச் செயலாளர், ஒரு நாள் பழைய பொலிட்பீரோ. அமைச்சரவை: விலகிவிட்டு, அடுத்தவர் வரும்வரை பொறுப்பில் இருப்பது. நாட்டின் தலைவர்: அதே கிரென்ஸ். நாடாளுமன்றம்: முதியவர் ஹோர்ஸ்ட் சிண்டர்மான், நான்கு நாட்களில் அவரும் போய்விடுவார். பெர்லின் சுவர் திறந்தது பற்றிப் பேசுகிறவர்கள் ஷபோவ்ஸ்கியின் அவசரத்தையே வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லைச் சாவடியில் நின்ற அதிகாரி தொலைபேசியை எடுத்தபோது உத்தரவிட வேண்டியவர்கள் யாவரும் பாதிப் பதவியில் இருந்தார்கள் என்பதையே நான் முதன்மையாகச் சொல்வேன்.

நவம்பர் 13 முதல் பார்வையை முதல் பத்தியிலிருந்து இரண்டாம் பத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அன்று ஹான்ஸ் மோட்ரோ பிரதமரானார். அவர் 1973 முதல் டிரெஸ்டன் மாவட்டக் கட்சிச் செயலாளர். நவம்பர் 8வரை பொலிட்பீரோவில் அவருக்கு இடம் தரப்படவில்லை, அதுவே அப்போது அவருக்கு நற்சான்றிதழ் ஆயிற்று. அதே நாளில் மக்கள் சபைத் தலைவர் பதவிக்குப் பல வேட்பாளர்களுடன் இரகசிய வாக்கெடுப்பு நடந்து, விவசாயிகள் கட்சியின் குந்தர் மலோய்டா இரண்டாம் சுற்றில் வென்றார். தோற்றவர் லிபரல் ஜனநாயகக் கட்சியின் மன்ஃபிரெட் கெர்லாக். அவர் பெயரை மறந்துவிடாதீர்கள்.

டிசம்பர் 1ஐ அடிக்கோடிடுங்கள். மக்கள் சபை அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலிருந்து கட்சியின் தலைமைப் பங்கை நீக்கியது. இந்தக் கோட்டுக்குக் கீழே பொதுச் செயலாளர் யார் என்பது ஒரு கட்சியின் உள்விவகாரம் மட்டுமே. 3ஆம் தேதி பொலிட்பீரோவும் மத்தியக் குழுவும் ஒருசேர விலகின. ஹோனெக்கர், ஸ்டோஃப் முதலியோர் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். 6ஆம் தேதி கிரென்ஸ் அரசு மன்றத் தலைமையையும் விட்டார். அந்த இடத்தில் பொறுப்புத் தலைவராக அமர்ந்தவர் மூன்று வாரம் முன்பு தோற்ற கெர்லாக். 7ஆம் தேதி அரசும் எதிர்ப்புக் குழுக்களும் வட்ட மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தன. அடுத்த இரு நாட்களுக்குள் கட்சி மாநாடு கிரெகோர் கிசி என்னும் இளம் வழக்கறிஞரைத் தலைவராக்கியது. கிரென்ஸின் ஆட்சி மொத்தம் ஏழு வாரம். அவர் மூன்று பதவிகளையும் தாமே வைத்துக்கொண்டார். தேசியப் பாதுகாப்பு மன்றத் தலைமை மூன்றாவது. அக்டோபரிலேயே ஒன்றை மோட்ரோவுக்கோ வேறொரு கட்சிக்காரருக்கோ கொடுத்திருந்தால் இன்னும் சில மாதம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன், நாடு நின்றிருக்காது.

சார்ட்டை இங்கே ஐந்தாம் பத்தியால் விரிக்கவேண்டும். அதன் தலைப்பு வட்ட மேஜை. 1990 பிப்ரவரி 5 அன்று எதிர்ப்புக் குழுக்களிலிருந்து எட்டுப் பேர் துறையில்லா அமைச்சர்களாக மோட்ரோ அரசில் சேர்ந்ததையும், மே 6க்கு வைத்திருந்த தேர்தலை மார்ச் 18க்கு முன்தள்ளியதையும் அதில் எழுதுங்கள்.

இனி மூலங்களைப் பற்றி. பழைய தமிழ் நாளிதழ்த் தொகுப்பைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பிருந்தால், தேதிக் கணக்கில் எச்சரிக்கை வேண்டும். குளிர்காலத்தில் பெர்லின் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்தங்கியது. ஷபோவ்ஸ்கி அந்தப் பதிலைச் சொன்னது அங்கே மாலை ஏழு மணிக்குச் சற்று முன். இங்கே இரவு பதினொன்றரை. பெர்லின் எல்லையின் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி திறந்தது அங்கே இரவு பதினொன்றரை. இங்கே நவம்பர் 10 அதிகாலை நான்கு மணி. ஆகவே 10ஆம் தேதிக் காலை இதழைப் புரட்டிவிட்டுத் தமிழ் இதழ்கள் இந்தச் செய்தியைக் கவனிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 11ஆம் தேதி இதழைப் பாருங்கள். மேலும் அந்த நவம்பரில் இங்கே மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் காங்கிரஸ்–அ.தி.மு.க. அணி 38ஐ வென்றது (மிச்சமிருந்த ஒன்று, நாகப்பட்டினம், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது). வி.பி. சிங் டிசம்பர் 2 அன்று பிரதமரானார். மறுநாள்தான் பெர்லினில் மத்தியக் குழு விலகியது. முதல் பக்கத்தில் அது இல்லாவிட்டால் வியப்படையாமல் உள்பக்கங்களைத் தேடுங்கள்.

நெல்லையில் இன்னொரு மூலமும் உண்டு, மனிதர்கள். நா. வானமாமலையும் தொ.மு.சி. ரகுநாதனும் வாழ்ந்து எழுதிய வட்டாரம் இது. விக்கிரமசிங்கபுரம் ஆலையிலும் பீடிக் கம்பெனிகளிலும் சங்கம் கட்டிய குடும்பங்களில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளைக் கட்சிக்குள் இருந்து கண்ட மூத்த தோழர்களைப் பார்க்கப் போனால், கோர்பச்சேவ் துரோகியா என்று தொடங்காதீர்கள். மாலை முழுவதும் அதிலேயே போய்விடும். “அண்ணாச்சி, பெர்லின் சேதிய நீங்க எப்பம் கேள்விப்பட்டிய? கிளைக் கூட்டத்துல என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். அவர்கள் தரும் தேதிகள் தவறலாம், அவற்றை நாளிதழால் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பெயரை அவர்கள் அப்போது நம்பினார்கள் என்பதை அவர்களே சொல்ல முடியும். பதவி இழந்த தலைவர்களின் பிற்கால நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது இதே நிதானம் இரு மடங்கு வேண்டும். அக்டோபர் 17 அறையில் இருந்தவர்களில் பலர் பின்னாளில் சீர்திருத்தத்தை முன்பே விரும்பியவர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாட்டின் சார்ட் முடிந்தபின் அதே பத்திகளை வேறு நாடுகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். செக்கோஸ்லோவாகியாவுக்கு அப்படியே பொருந்தும்: 1989 நவம்பர் 24இல் பொதுச் செயலாளர் மிலோஷ் யாகேஷ் விலகினார், 29இல் கட்சியின் தலைமைப் பங்கு சாசனத்திலிருந்து போயிற்று, டிசம்பர் 29இல் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். கிழக்கு ஜெர்மனிக்கு ஓராண்டு பிடித்தது அங்கே ஐந்தே வாரத்தில் முடிந்தது. பல்கேரியாவில் 1954 முதல் தலைமையில் இருந்த தோதோர் ஜிவ்கோவ் நவம்பர் 10 அன்று, சுவர் திறந்த மறுநாள், தம் வெளியுறவு அமைச்சர் பெட்டர் ம்லாதெனோவிடம் பதவியிழந்தார். முதற்பார்வைக்கு 1971 முறைதான்.

சோவியத் ஒன்றியத்துக்கு மட்டும் முறையைச் சற்று மாற்றவேண்டும். அங்கே ஒரே மனிதர் பத்தி மாறினார். 1990 மார்ச் 14இல் ஆறாவது பிரிவிலிருந்து கட்சியின் தனியுரிமை நீக்கப்பட்டது, மறுநாள் கோர்பச்சேவ் மக்கள் பிரதிநிதிகள் மாநாட்டால் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; பொதுச் செயலாளர் பதவியையும் 1991 ஆகஸ்ட் 24வரை வைத்திருந்தார். ஆனால் போட்டி அவருடைய சார்ட்டுக்குள் நிகழவில்லை. ரஷ்யக் குடியரசுக்கென்று தனிச் சார்ட் போட்டு, 1991 ஜூன் 12 அன்று போரிஸ் யெல்ட்சின் மக்கள் வாக்கால் குடியரசுத் தலைவரானதை அதில் எழுதி, இரண்டையும் அருகருகே வைத்தால்தான் டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகியது விளங்கும். ருமேனியாவுக்கு இந்த முறை ஏறக்குறையப் பயன்படாது. சௌசெஸ்குவின் ஆட்சியில் பத்திகள் அனைத்தும் ஒரு குடும்பத்துக்குள் அடங்கியிருந்தன.

கிழக்கு ஜெர்மனியின் சார்ட்டில் மீதமிருப்பவை சில வரிகளே. 1990 மார்ச் 18 தேர்தலில் 93.4 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் முதலிடம் பெற்றது, பெயர் மாறிய பழைய ஆளுங்கட்சி 16.4 சதவீதம் வாங்கியது. ஏப்ரல் 5இல் அரசு மன்றமே கலைக்கப்பட்டதால் மக்கள் சபைத் தலைவர் சபீனா பெர்க்மான்-போல் நாட்டின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். மூன்றாம், நான்காம் பத்திகளை இங்கே இணைத்துவிடுங்கள். 12இல் லோதார் டி மெஸியேர் பிரதமரானார். முதல் பத்தியை டிசம்பர் கோட்டிலேயே நிறுத்தியிருப்பீர்கள். இரண்டாம் பத்தியையும் இணைந்த பத்தியையும் அக்டோபர் 2 நள்ளிரவுவரை நீட்டி, அங்கே கோடு போட்டு முடியுங்கள். 3ஆம் தேதி இரு ஜெர்மனிகளும் ஒன்றிணைந்துவிட்டதால், அன்று முதல் அந்தப் பதவிகள் எவையும் இல்லை.